முத்தட்டு முறை

"நம்ம கிடங்குல திறன் தகுதிச் சான்றிதழ் வச்சிருக்கிறவங்க யாரு? கையைத் தூக்குங்க, பார்க்கலாம்."

மேனேஜர் இப்படிக் கேட்டதும் நாற்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அந்தப் பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'நிதானம்'. ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறி உட்கார்ந்தால், "நிதானம்... நிதானம்..." என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டேதான் ஓட்டுவார். வாஷ்பேசினும் டைல்ஸும் ஆளுயரக் கண்ணாடியும் கூரை வரை அடுக்கிய கிடங்கு அது. அப்படிச் சொல்லாமல் ஓட்டியவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் அங்கே நீடித்ததில்லை. இவர் இருபத்தோரு வருஷம் நீடித்துவிட்டார்.

'இவருக்கு இல்லாமலா?' என்று எண்பது கண்களும் கேட்டன. இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்குள் அவர் கை தானாக எழுந்துவிட்டது. எழுந்த கையை, பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பது போல நிதானம் அண்ணாந்து பார்த்தார். இறக்க மனம் வரவில்லை. கைதட்டல் தொடங்கிவிட்டது.

"எனக்குத் தெரியும்!" என்றார் மேனேஜர். "ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனம் நம்மகிட்ட சரக்கு எடுக்கப் போகுது. சரக்கைத் தொடுற எல்லாருக்கும் சான்றிதழ் வேணும்ங்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள சூப்பர்வைசர்கிட்டயாவது ஒண்ணு இருந்தாகணும். இல்லைன்னா தலைமை அலுவலகம் வேற ஆளை அனுப்பிடும். நல்ல வேளை, நீங்க இருக்கீங்க. நாளைக்குக் கொண்டு வந்து காட்டிடுங்க, நிதானம்."

"அதுக்கென்ன சார்" என்றது அவர் வாய். கையும் வாயும் அன்று கூட்டுச் சேர்ந்திருந்தன.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்து வந்தாள். 'வலிக்கவே வலிக்காது' என்று பகல் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தபின் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று வைத்திருந்தாள்.

"சான்றிதழா?" என்றாள். "இந்த வீட்ல இருக்கிற ஒரே சான்றிதழ் நம்ம கல்யாணப் பதிவுச் சான்றிதழ்தான். அதுலயும் நீங்க சாட்சி போட வேண்டிய இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கிண்டல் பண்ணாதே. நான் என்ன செய்யட்டும்?"

"நாளைக்குப் போய், 'தெரியாம கையைத் தூக்கிட்டேன்'னு சொல்லிடுங்க."

"இருபத்தோரு வருஷ மரியாதை போயிடும்."

"போறது ஒரேயடியா போயிடட்டும். தவணை முறையில போனா தாங்க மாட்டீங்க."

நிதானம் தவணை முறையைத் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் மேனேஜரிடம், "வீட்ல கூரை ஒழுகி நனைஞ்சிடுச்சு சார். காய வச்சு லேமினேஷனுக்குக் குடுத்திருக்கேன். மாசக் கடைசியில வந்துடும்" என்றார். பொய் வழவழவென்று வந்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"தாள் எங்கே ஓடிடப் போகுது?" என்றார் மேனேஜர். "மூளையில இருக்கிறதுதானே முக்கியம். அதை எல்லாருக்கும் கொடுங்க. நாளையிலருந்து தினம் மத்தியானம் அரை மணி நேரம், நாற்பது பேருக்கும் நீங்களே வகுப்பு எடுக்குறீங்க. இந்தாங்க பாடத்திட்டம்."

ஒரே ஒரு தாள். அதில் பன்னிரண்டு தலைப்புகள். தலைப்புகளுக்குக் கீழே வெள்ளைத் தாள், அவர் மனசு போலவே.

ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் வாத்தியார் வேலை வந்து சேர்ந்ததே என்று நொந்துகொண்டே அன்று சாயங்காலம் இரண்டு பஸ் மாறி ஊரின் மறுகோடிக்குப் போனார். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மாடியில் 'சரக்குக் கையாளுதல், சான்றிதழுடன், மாலை வகுப்பு' என்று பலகை தொங்கியது. திட்டம் எளிமையானது. சாயங்காலம் கற்பது, மறுநாள் மத்தியானம் கற்பிப்பது, மாசக் கடைசியில் பரீட்சை எழுதி நிஜமாகவே ஒரு சான்றிதழை வாங்கி மேனேஜர் மேசையில் வைப்பது. அப்புறம் செத்தாலும் கை தூக்குவதில்லை.

பயிற்சியாளர் ஒல்லியானவர். சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது. படிவத்தை அவரே நிரப்பினார்.

"என்ன வேலை பார்க்குறீங்க?"

கிடங்கு என்றால் கம்பெனிக்குக் கடிதம் போட்டுவிடுவார்களே! நிதானம் ஜன்னல் வழியே எதிர்ச்சாரியைப் பார்த்தார்.

"பூக்கடை சார்."

"பூக்கடைக்கு எதுக்குச் சரக்குக் கையாளுற சான்றிதழ்?"

"பெரிய பூக்கடை சார்."

அன்றிலிருந்து அந்த வகுப்பின் பன்னிரண்டு பேரில் அவர் 'பூக்கடை' ஆனார்.

முதல் நாள் மாலை, பயிற்சியாளர் உழைப்பின் மேன்மை பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிறகு, "பாடப்புத்தகம் அச்சுல இருக்கு. அது வர்ற வரைக்கும் நான் சொல்றதை எழுதிக்குங்க. பாடம் நாளையிலருந்து" என்று முடித்துவிட்டார்.

 நிதானத்துக்கோ பாடம் நாளை மத்தியானமே வேண்டும்.

மறுநாள் பன்னிரண்டரை மணி. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிகளில் நாற்பது பேர். அட்டையைப் பிரித்துச் சுவரில் அடித்து, 'சுமையை மதிப்பிடுதல்' என்று எழுதினார். எழுத ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

"ஒரு பெட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி..." என்று தொடங்கினார். புத்தகத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். "அதை நம்பாதீங்க. மேல என்ன எடை எழுதியிருந்தாலும் நம்பாதீங்க. நான் நம்பினேன். முதல் வருஷம். பதினோரு வாஷ்பேசின். அந்தச் சத்தம் கேட்டு ரோட்ல போனவங்க எல்லாம் உள்ள வந்துட்டாங்க. நான் மட்டும் வெளியில போகப் பார்த்தேன்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவருக்குத் தெம்பு வந்தது. எடை ஒரு பக்கம் சாய்ந்த பெட்டியைக் கயிற்றின் இழுப்பிலேயே கண்டுபிடிப்பது, ஈரம் பட்ட அட்டையை முகர்ந்து கண்டுபிடிப்பது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

"அண்ணே, ஈரத்துக்கு அப்புறம் என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் லேபிள் ஒட்டும் பிரிவு அக்கா. சிலர் கொட்டாவி விட்டார்கள், சிலர் குறிப்பெடுத்தார்கள். எப்படியோ ஒரு கண்டம் தாண்டியது.

ஆனால் பஸ்ஸில் போகும்போது குற்ற உணர்ச்சி குடைந்தது. நாற்பது பேருக்குத் தப்பும் தவறுமாகச் சொல்லித் தொலைத்திருப்பேனே! கடவுளே, எவனாவது அட்டையை முகர்ந்து பார்த்து மூக்கில் ஸ்டேப்ளர் ஊசி குத்திக்கொண்டால்?

பயிற்சியாளர் கரும்பலகையில் 'சுமையை மதிப்பிடுதல்' என்று எழுதினார். தொண்டையைச் செருமினார்.

"முதல் விதி. பெட்டி மீது எழுதப்பட்ட எடையை நம்பலாகாது. இரண்டாவது விதி. ஈரத்தை அறியக் கண்ணை விட மூக்கு சிறந்த கருவி."

நிதானம் பேனாவைக் கீழே போட்டார். உளறினாலும் பாடத்திட்டப்படியே உளறியிருக்கிறோமே! அவருக்குத் தம் வாயின் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை பிறந்தது.

மரியாதை பிறந்தாலும் பயம் போகவில்லை. இன்று குருட்டாம்போக்கில் தப்பித்தாயிற்று. நாளைக்கு? மத்தியானப் பாடம் சாயங்காலப் பாடத்துக்கு முன்னாலேயே ஓடுகிறதே! வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரிடம் போனார்.

"சார், நாளைக்கு எடுக்கப் போற பாடத்தை இன்னைக்கே கொஞ்சம் சொல்ல முடியுமா?"

பயிற்சியாளருக்கு முகம் வெளுத்துப் போயிற்று.

"இன்னைக்கேவா? அதெல்லாம் முடியாது பூக்கடை. பாடம்னா ஊறணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கட்டாயம் ஊறணும்."

பெரிய ஞானஸ்தர் போல, எவ்வளவு ஆழமாகப் பேசுகிறார் என்று நிதானம் வியந்தபடியே கீழே இறங்கினார்.

சாயங்காலத்தை முந்த வைக்க முடியாவிட்டால் மத்தியானத்தைப் பிந்த வைக்கலாம் அல்லவா? மறுநாள், "இன்னைக்கு மறுபார்வை" என்று அறிவித்துவிட்டு, முந்தின நாள் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

லேபிள் அக்கா கையைத் தூக்கினாள். "அண்ணே, இதைத்தான் நேத்தே சொல்லிட்டீங்களே. புதுசா ஏதாவது சொல்லுங்கண்ணே, ப்ளீஸ்."

"அவசரப்படக் கூடாதும்மா. பாடம் ஊறணும்" என்றார் நிதானம்.

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

அன்று சாயங்காலம் பயிற்சியாளர் வாடிய முகத்தோடு வந்தார். "இன்னைக்கு மறுபார்வை" என்றார்.

போன காரியம் வீணாயிற்று. மறுபார்வைச் செய்தி காதுக்கு எட்டியதும் மேனேஜர், "என்ன நிதானம், ரெண்டு நாளைக்கு ஒரு பாடம்னா மாசக் கடைசிக்குள்ள பன்னிரண்டையும் முடிக்க மாட்டீங்களே? இனிமே நானும் வந்து உட்கார்றேன்" என்றார். வந்தும் உட்கார்ந்தார், முதல் வரிசையில், கால் மேல் கால் போட்டு.

மேனேஜர் முன்னால் 'தூக்குவதற்கு முன் சோதனை' பாடம் நடந்தது. செய்து காட்டச் சொன்னார். நிதானம் ஒரு வாஷ்பேசின் பெட்டியின் முன்னால் போய் நின்று, வழக்கம்போல மூன்று தட்டுத் தட்டிவிட்டுத் தூக்கினார்.

"அது என்ன மூணு தட்டு?" என்று கேட்டார் மேனேஜர்.

அது ஒன்றுமில்லை. பதினோரு வாஷ்பேசின் உடைந்த மறுநாள், பயத்தில் பெட்டியைக் குழந்தை முதுகைத் தட்டுவது போலத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தூக்கினார். அன்று எதுவும் உடையவில்லை. அதிலிருந்து தட்டாமல் தூக்கியதில்லை. ஆனால் சான்றிதழ் பெற்ற ஒரு நிபுணர், 'சும்மா ஒரு பயம்தான் சார்' என்று மேனேஜரிடம் சொல்ல முடியுமா?

"முதல் தட்டு, உள்ள காலி இடம் இருக்கான்னு சத்தத்துல பார்க்க" என்றார். சமாளித்துவிட்டோம் என்று தோன்றியது. "இரண்டாவது தட்டு, கட்டு தளர்ந்திருக்கான்னு பார்க்க."

"மூணாவது?"

மூன்றாவதுக்குச் சரக்கு இல்லை. நெற்றியில் வியர்வை இறங்கியது.

"மூணாவது... பெட்டிக்கு இல்ல சார். நமக்கு. 'டேய், வீட்டு நினைப்பை விட்டுட்டு இங்கே வா'ன்னு நம்மளையே தட்டிக் கூப்பிடுறது."

 மேனேஜர் எழுந்து நின்று கை தட்டினார். நிதானத்துக்கு மட்டும் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இருபத்தோரு வருஷ மூடநம்பிக்கையை விஞ்ஞானம் என்று விற்றாயிற்று. புத்தகம் அச்சிலிருந்து வரும் நாளில் கதை கந்தலாகிவிடும்.

சாயங்காலம் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார். பயிற்சியாளர் மேசை மேல் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்தார். மூன்று முறை தட்டினார்.

"இதுக்கு 'முத்தட்டு முறை'ன்னு பேர். உலகம் பூரா இதைத்தான் கடைப்பிடிக்கிறாங்க" என்றார்.

நிதானம் பெஞ்சிலிருந்து நழுவி விழுந்தார்.

"என்ன பூக்கடை? உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். உலகம் பூரான்னு சொன்னீங்க இல்ல, அந்தப் பரவசம்."

அன்று வீட்டுக்குப் போனவர் தட்டாமல் கதவைக்கூடத் திறக்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் பொய்ன்னு நினைச்சுச் சொல்றதெல்லாம் உண்மையாவே இருக்கு! எனக்குள்ள என்னென்னவோ இருந்திருக்கு, நான்தான் இத்தனை வருஷமா உள்ள எட்டிப் பார்க்கல."

"எல்லாம் உங்களுக்கே தெரியுதுன்னா அப்புறம் எதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறீங்க?"

"தெரியுறது வேற. தெரியும்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது வேற."

"அதுசரி" என்றாள். "பூக்கடைன்னு சொல்லிட்டு தினம் வெறுங்கையோட வர்றீங்களே, அதைச் சொன்னேன்."

பதினோராவது பாடம் முடிந்த அன்று மேனேஜர் பூரித்துப்போய் வந்தார்.

"நிதானம், ஒரு நல்ல சேதி. ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு பயிற்சி நிலையம் இருக்காம். செய்முறைப் பரீட்சை நடத்த அவங்களுக்கு இடமில்லையாம். நம்ம கிடங்கைக் கொடுக்கிறேன்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை அவங்க ஆளுங்க பன்னிரண்டு பேர் வர்றாங்க. அதைப் பார்த்துட்டு நம்ம ஆளுங்களும் அடுத்த வாரம் எழுதிடலாம். கூடுதல் பரிசோதகரா உங்க பேரைக் கொடுத்திருக்கேன்!"

நிதானம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கைவண்டியெல்லாம் பழுதா இருக்கு சார்" என்றார். மறுநாள் காலையில் இரண்டு புதிய கைவண்டிகள் வந்து இறங்கின.

"நடுவுல இடம் பத்தாது சார்" என்றார். "அப்போ ஒதுக்கிடுங்க" என்றார் மேனேஜர். முந்நூறு கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தி, தமக்கான தூக்குமேடையைத் தாமே பெருக்கித் துடைத்து வைத்தார்.

கடைசி ஆயுதமாக, "வெள்ளிக்கிழமை எனக்குப் பல் பிடுங்கணும் சார். நாள் குறிச்சாச்சு" என்றார்.

"அவ்வளவுதானே? நான் பேசி மாத்திடுறேன்" என்று மேனேஜர் அங்கேயே பல் மருத்துவமனைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். வரவேற்பு மேசையிலிருந்து பதில் வந்தது.

"அவருக்கா? அவர் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நாக்குதான் கொஞ்சம் நீளம்."

வெள்ளிக்கிழமை வந்தது.

நாற்பது பேரும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். பயிற்சியாளர் கசங்காத சட்டையோடு தம் மாணவர்கள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் கூரையைப் பார்த்தார், அடுக்குகளைப் பார்த்தார், ஃபோர்க்லிஃப்ட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்காட்சிக்கு வந்த பள்ளிப்பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

"இவர்தான் எங்க நிதானம்" என்று மேனேஜர் தோளில் கை போட்டு அறிமுகப்படுத்தினார். "இந்த ஊர்லயே இவருக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது."

நிதானம் தலைக்கவசத்தை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார். பயிற்சியாளர் குனிந்து பார்த்தார்.

"பூ..." என்றார்.

நிதானம் கண்ணாலேயே கெஞ்சினார். பயிற்சியாளர் சுவரோரம் நின்ற வரிசையை ஒரு பார்வை பார்த்தார். மறுபடி நிதானத்தைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. பிறகு யாரும் எதிர்பாராதபடி இரண்டு கைகளையும் கூப்பி, "ஐயா, நீங்களா அது?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எவ்வளவு பெரிய மனசு என்று நிதானத்துக்குக் கண் கலங்கியது. பதினோரு மாணவர்களும் 'பூக்கடை' என்று குசுகுசுத்தார்கள். மேனேஜர் அதைக் கேட்டு, "பூக்கடை வேணும்னா வெளியில இருக்கு" என்றார்.

பரீட்சை தொடங்கியது. ஒவ்வொருவராக வந்து பெட்டியைச் சோதித்து, கட்டி, கைவண்டியில் ஏற்றி, கோடு போட்ட வழியே கொண்டுபோய் இறக்க வேண்டும். முதல் ஆள் பெட்டியை மூன்று முறை தட்டினார். இரண்டாம் ஆளும் தட்டினார். பதினோரு பேரும் தட்டினார்கள்.

"பார்த்தீங்களா!" என்று மேனேஜர் துள்ளினார். "எங்க ஆளுங்களும் இதையேதான் செய்யுறாங்க. தரம்னா எங்கேயும் ஒண்ணுதான்!"

பயிற்சியாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பட்டியலின் கடைசிப் பெயரைத் தயங்கித் தயங்கிப் படித்தார்.

"உங்க பேரு மாதிரியே இருக்கே, நிதானம்?" என்றார் மேனேஜர்.

"ஒரு பேருக்கு ஊர்ல நூறு பேர் இருப்பாங்க சார்."

"ஆள் எங்கே?"

"வரலை போல" என்றார் பயிற்சியாளர் மெதுவாக. "கடையில வேலை இருந்திருக்கும்."

"பரீட்சைக்கு வராதவன் என்ன தொழிலாளி? தோல்வின்னு போடுங்க. பரிசோதகர் நிதானம், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

தாள் நிதானத்தின் முன்னால் நீட்டப்பட்டது. தம்முடைய பெயர். அதற்கு எதிரே தோல்வி. அதற்குக் கீழே தம்முடைய கையெழுத்துக்கு இடம். இப்படி ஒரு கௌரவம் உலகத்தில் வேறு எந்த முட்டாளுக்கும் கிடைத்திருக்காது என்று நினைத்தார். பேனாவை வாங்கினார். சுவரோரம் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளாகப் பெட்டியில் எழுதியதை நம்பாதே என்று இவர்களுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். நடந்து போய்ப் பதினோரு பேருக்குப் பக்கத்தில் நின்றார்.

"பன்னிரண்டாவது ஆள் நான்தான் சார்."

"என்ன விளையாட்டு இது?"

"எங்கிட்ட சான்றிதழ் கிடையாது சார். நனையவும் இல்ல, காயவும் இல்ல, அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. எல்லாரும் பார்த்தாங்க, கை தூக்கிட்டேன். அன்னையிலருந்து சாயங்காலம் இவர்கிட்ட பூக்கடைக்காரன்னு சொல்லிப் படிக்கிறேன்."

சுவரோரம் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மேனேஜர் நிறம் மாறினார்.

"அப்போ இத்தனை நாளா இந்த நாற்பது பேருக்கும் நீங்க சொன்னதெல்லாம்?"

"நான் குத்துமதிப்பா உளறினது சார். என் கை பட்டது, என் கால்ல விழுந்தது, நான் உடைச்சது, அவ்வளவுதான். அது சரின்னு எனக்கே தெரிஞ்சது, சாயங்காலம் இவர் வாயால கேட்ட பிறகுதான். இவர் மட்டும் இல்லைன்னா நான் வெறும் உளறுவாயன். வேலையை விட்டு அனுப்புங்க, போயிடுறேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியை மட்டும் தூக்கிடுறேன். தோல்வின்னு போட்டா தாங்காது."

யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் பெட்டியருகே போனார். மூன்று தட்டு. கட்டினார், ஏற்றினார், கோட்டின் மேல் கோடாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இறக்கினார். உள்ளே இருந்த வாஷ்பேசினுக்குத் தான் இடம் மாறியதே தெரிந்திருக்காது.

மேனேஜர் பெட்டியையும் நிதானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படலாமா, வேண்டாமா என்று கணக்குப் போடுவது போல இருந்தது. கடைசியில் நிதானத்தை விட்டுவிட்டுப் பயிற்சியாளர் பக்கம் திரும்பி, அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்போ உண்மையான குரு நீங்கதான் சார்! இது தெரியாம நான் இவரைத் தலையில தூக்கி வச்சிருந்தேன். திங்கட்கிழமையிலருந்து எங்க கம்பெனிக்குத் தலைமைப் பயிற்சியாளரா வந்துடுங்க. நிதானம் உங்களுக்குக் கீழே இருந்து கத்துக்கட்டும்."

"இருக்கேன் சார், சந்தோஷமா இருக்கேன்" என்றார் நிதானம். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

பயிற்சியாளர் பிடியிலிருந்து கைகளை உருவப் பார்த்தார்.  கசங்காத சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரோர வரிசையிலிருந்து லேபிள் அக்கா விடுவிடுவென்று நடந்து வந்து, அவருக்கும் மேனேஜருக்கும் நடுவில் நின்றாள்.

"வேண்டாம் சார், இவர் என் வீட்டுக்காரர், கிடங்குன்னா எப்படி இருக்கும்னு இவர் பார்க்கிறதே இன்னைக்குத்தான், சாயங்காலம் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மத்தியானம் அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதிட்டுப் போய்க் கொடுத்தது!"